டோருவின் கன்னத்துப் பொட்டு

சண்முகத்தாய் செய்த போர் எந்திரம் பருத்திகுளத்துக் கண்மாய்க்குள் வந்து நின்ற செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் கேட்ட முதல் கேள்வி, "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதுதான்; ஏனென்றால் நாற்பதடி உயரத்தில், தோளுக்கு ஒன்றாக ரெண்டு பீரங்கியும், கொக்குக்கு இருப்பதுபோல் பின்பக்கம் மடங்கிய முழங்காலுமாக, வேலிக்கருவைக்கு மேலே தலை தெரிய நின்ற அந்த இரும்பு உருவத்தின் இடது கன்னத்தில் சுளகு அகலத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது, பொட்டு இருந்தால் வைத்த கை ஒன்று இருக்கும், கை இருந்தால் அதற்குச் சொந்தமாக ஒரு அம்மா இருப்பாள், அவள் இந்த வெயிலில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எங்கே போய்த் தொலைந்தாள் என்று ஆடு மேய்க்க வந்தவர்களும் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா அந்நேரம் வீட்டில், பொங்கி வழிந்த பாலை அடுப்பிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். சண்முகத்தாய் வீட்டிலிருந்தபடியே ஒரு விளையாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் உருவம் செய்து கொடுப்பவள். ராட்சச ரோபோக்கள் ஒன்றையொன்று அடித்து நொறுக்கும் விளையாட்டு, உலகம் பூராவும் ஆடுகிறார்கள். மூன்று வருஷமாக அவள் அதற்குள் உடைந்த பாலம் செய்திருக்கிறாள், எரிந்த லாரி செய்திருக்கிறாள், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் நாற்பது செய்திருக்கிறாள், ஆனால் முகம் என்று ஒன்று உள்ள எதையும் அவளை நம்பி யாரும் கொடுத்ததில்லை. இந்தத் தடவைதான் கொடுத்தார்கள். அந்த விளையாட்டு முதன்முதலில் வந்த காலத்தில் டோரஸ் ஒன்பது என்று ஒரு போர் எந்திரம் இருந்ததாம், பின்னால் அதை எடுத்துவிட்டார்களாம், அன்றைக்கு அதை ஆடிய பையன்களெல்லாம் தலை நரைத்துப் பிள்ளைகுட்டி பெற்ற பிறகும், எங்கள் டோரஸைக் கொண்டு வா, கொண்டு வா என்று எட்டு வருஷமாகக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார்களாம். கோயம்புத்தூர் ஆபீசில் டீம் லீடராக இருக்கும் ஜெரால்டு பழைய படங்கள் நாலை அனுப்பி, "ஒரு ஆணி மாறக்கூடாது மேடம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இது விளையாட்டுக்குள்ள நிக்கணும்" என்று சொல்லியிருந்தார். நின்றால், விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் சண்முகத்தாய் என்ற பெயரும் ஓடும். இனிமேல் முகம் உள்ளதாகவே அவளுக்கு வரும்.

ஒன்றரை மாதம் மகள் தாரணிகாவை ஒரு தொடையிலும் வேலையை மறு தொடையிலும் வைத்துக்கொண்டு, நானூற்றுப் பதினாறு ஆணியையும் அதனதன் இடத்தில் அடித்து, பழைய இரும்புக்கு உரிய மங்கலான பச்சையைப் பூசி முடித்து, திரையில் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது, தன் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது அவளுக்கு. அன்று காலையில் மூன்று வயது தாருவுக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுக் கன்னத்தில் பொட்டு வைத்த கை, வைத்த பழக்கத்தில் அப்படியே நீண்டு, டோரஸ் ஒன்பதின் இடது கன்னத்திலும் ஒரு கறுப்புப் பொட்டை வைத்தது. அனுப்புவதற்கு முன்னால் அழித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அடுப்பில் பால் பொங்கியது, கொல்லையிலிருந்து தாரு, "அம்மா, ஆய் போய்ட்டேன்" என்று கூப்பிட்டாள், இவள் அனுப்புகிற பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினாள், பொட்டும் சேர்ந்து போய்விட்டது.

பக்கத்து வீட்டு மதினி சீனித்தாய்தான் தகவல் கொண்டுவந்தாள். நூறு நாள் வேலையில் நாற்பது பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஒன்றரை மாதமாகச் சண்முகத்தாயின் திரையை எட்டி எட்டிப் பார்த்தவள், அதனால் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ஏளா சம்முவம், உன் கம்ப்யூட்டருக்குள்ள இருந்தவன் கண்மாய்க்குள்ள நிக்கான். வெயிலு என்னமா அடிக்கி. பிள்ளையப் பெத்தவ மாதிரியா இருக்க?"

"நான் கோயம்புத்தூருக்குல்ல மதினி அனுப்பினேன்."

"அனுப்பினா போயிருவானா? பொட்டு வச்சு அனுப்பியிருக்க. வீடு தேடித்தான் வருவான்."

அது சரிதான் என்று பட்டது சண்முகத்தாய்க்கு. தாருவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரையேறினாள். அவளைக் கண்டதும் அந்த எந்திரம், பீரங்கி ரெண்டும் ஒன்றோடொன்று மோதிக் கணகணக்க, தூக்கச் சொல்லி ரெண்டு கையையும் மேலே நீட்டியது.

"கையக் கீழ போடு, கூறுகெட்டவனே! உன்னை எந்த இடுப்புல தூக்க?" என்றாள் அவள். அது கையைக் கீழே போட்டது. தாரு அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "டோரு தம்பி" என்றாள். தாரு, டோரு என்று அக்காள் தம்பிப் பெயர் பொருத்தமாக இருக்கவே, ஊரும் அதையே வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஒரு பிள்ளை ஊருக்குள் வந்துவிட்டால் பார்க்க வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது. மதியமே கிராம நிர்வாக அலுவலர் டேப்போடு வந்து, கண்மாய்ப் புறம்போக்கில் நிற்பது ஆக்கிரமிப்பா என்று யோசித்து, நிற்கிறவரை ஆக்கிரமிப்பு இல்லை, உட்கார்ந்தால் மட்டும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் இடது பீரங்கிக்குள் ஒரு கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. வெந்நீர் மாதிரி சூடாக இருந்த முதுகில் யாரோ வத்தல் காயப்போட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் அதன் நிழலில் வண்டியை நிறுத்தி ஆள் ஏற்ற ஆரம்பித்தார், மறுநாளே கண்டக்டர், "டோரு நிழல் எறங்கு" என்று கூவினார்.

புதன்கிழமை ஒரு தகராறு நடந்தது. நாற்பது பெண்கள் கண்மாயில் வண்டல் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்த டோரு, அவர்கள் வருஷம் பூரா அள்ள வேண்டியதை, நாமும் செய்வோமே என்கிற ஆசையில், ஒரே கையால் வழித்து அரை மணி நேரத்தில் கரையில் குவித்துவிட்டது. சீனித்தாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதன் கால் கட்டைவிரலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நல்லாருக்குல நீ செஞ்ச காரியம்! நாளைக்கு நாங்க எங்க போய் வேலை பாக்க? ஒருத்திக்கொருத்தி மூஞ்சியப் பாத்துக்கிட்டு வீட்டுல குந்தியிருக்கவா? அள்ளினதை எல்லாம் உள்ள போடு!"

டோரு அள்ளினதை எல்லாம் உள்ளே போட்டது. பிறகு அதற்கும் ஒரு ஆளுக்குரிய குழியை அளந்து கொடுத்து, ஒரே ஒரு சட்டியைக் கொடுத்து, மற்றவர்களோடு சேர்ந்து மெதுவாக அள்ள வேண்டும், பதினோரு மணிக்கு உட்கார்ந்து கதை கேட்க வேண்டும் என்று பழக்கினார்கள். சட்டி அதன் ரெண்டு விரலுக்கு நடுவில் ஒரு பொட்டுக்கடலை மாதிரி இருந்தது. கதை கேட்க உட்கார்ந்ததால் சண்முகத்தாய் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அங்கன்வாடி டீச்சர் செண்பகவல்லி ரொம்பக் கண்டிப்பானவர். ஊரில் பொட்டு வைத்த பிள்ளை எதுவானாலும் எடை பார்த்து உயரம் பார்த்து அட்டையில் ஏற்றாமல் விடமாட்டார். டோருவைப் பஞ்சுமில்லில் லாரி நிறுக்கும் மேடையில் ஏற்றி நிறுத்தி, வளர்ச்சி அட்டையை மேலும் கீழும் பார்த்து, "உயரத்துக்கு எடை பத்தாது சண்முகத்தாய். பிள்ளை கொஞ்சம் வாடித்தான் இருக்கு" என்று சொல்லி, தினமும் ரெண்டு சத்துமாவு உருண்டை கூடுதலாகக் கொடுக்கும்படி எழுதினார். உருண்டையை அது எங்கே போட்டுக்கொண்டது என்று தெரியவில்லை, ஆனால் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, புதன் மதியம் ஜெரால்டு போன் செய்தார்.

"மேடம், டோரஸ் விளையாட்டுக்குள்ள இல்ல. நிழல் மட்டும் விழுது, ஆளைக் காணோம்."

"இங்கதான் சார் இருக்கான்."

"உங்க சிஸ்டத்துலயா?"

"கண்மாய்ல சார். போட்டோ அனுப்பட்டா?"

அனுப்பினாள். ஜெரால்டு பத்து வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவர், எது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கன்னத்துல அது என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"பொட்டு சார். கண்ணு படக்கூடாதுன்னு..."

"ஒரிஜினல்ல இல்லாதது அது ஒண்ணுதான். அதை அழிச்சிட்டா தானா உள்ள வந்துரும். அழிச்சிருங்க மேடம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அது உள்ள நிக்கலைன்னா என்னால உங்க வேலையைக் காப்பாத்த முடியாது. என் வேலையே நிக்குமான்னு தெரியல."

வியாழக்கிழமை காலையில், அவள் கணவன் கருத்தப்பாண்டி கடலைமிட்டாய் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, தாருவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்தாள் சண்முகத்தாய். எதிரே டோரு ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கருவைக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அழிக்கும் பிரஷை எடுத்துப் பொட்டின் ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். எதிரே டோருவின் கால் வழியாக அந்தப் பக்கத்துப் பனைமரம் தெரிந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தாள். கையிலிருந்த கிளை நழுவியது, டோரு தன் விரல்களைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தது, அவற்றுக்கு நடுவே வானம் தெரிந்தது, அது சண்முகத்தாயின் பக்கம் திரும்பி, தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத பிள்ளை பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தது. அழித்ததையெல்லாம் அவசர அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்து, லேப்டாப்பைச் சாத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலை வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாத்திரம் கழுவுகிற கையால் உலகத்துக்கே பாலம் கட்டிக் கொடுக்கிறவள் அவள், அந்தப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது தாருவை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா பார் அம்மா பேரு" என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தவள். ஆனால் பொட்டை அழித்தால் விளையாட்டுக்குள் போகிறது டோரு இல்லை. அது வெறும் டோரஸ் ஒன்பது.

இப்படியே உட்கார்ந்திருந்தால் ஆகாது, தாருவை அங்கன்வாடியில் விட நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். தாருவைச் சேர்த்து ரெண்டு வாரம்தான் ஆகிறது. முதல் நாள் அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க அழுததும், "நாலு மணிக்கு அம்மா இதே இடத்துல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்ததும், செண்பகவல்லி டீச்சர் பின்னாலிருந்து, "திரும்பிப் பாக்காம போ. நீ பாத்தா அவ நிக்கமாட்டா" என்று அதட்டியதும் நினைவுக்கு வந்தன. இன்றைக்கும் தாருவின் கன்னத்தில் பொட்டு இருந்தது. பொட்டோடுதான் உள்ளே போனாள், பொட்டோடுதான் நாலு மணிக்கு வெளியே வருவாள்.

அங்கன்வாடி வாசலிலேயே நின்றுவிட்டாள் சண்முகத்தாய். பிறகு, "ஏ மதினி! மதினீ!" என்று கத்திக்கொண்டு கண்மாயைப் பார்த்து ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டோருவைக் குளிப்பாட்டினார்கள். ரெண்டு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வந்தது. முதுகு தேய்க்கத் தென்னை மட்டை. அடைகாத்த கோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றினார்கள். பழைய பொட்டு மங்கியிருந்ததால் மேலே புதிதாக வைக்க வேண்டும் என்றாள் சீனித்தாய். ரோடு போட்டு மிஞ்சிய தார் இருக்கிறது என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்ல, "பச்சப்பிள்ளை கன்னத்துல தாரா?" என்று நாற்பது பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். சத்துணவுக்கூடத்து அண்டாவின் அடிக்கரியைச் சுரண்டி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, குடத்தின் அடியை அதில் ஒற்றியெடுத்து, ஏணிமேல் ஏறி, சண்முகத்தாய்தான் வைத்தாள். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தண்ணீர்க் கேனும், ரெண்டு சத்துமாவு உருண்டையும் கொடுத்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்பைக் கரையில் திறந்து வைத்தாள். டோரு குனிந்து, வகுப்புக்குள் எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி ஒரு கண்ணால் உள்ளே பார்த்தது. உள்ளே தூரத்தில் குண்டு வெடித்தது. சட்டென்று பின்வாங்கி, பக்கத்துப் பனைமரத்தை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டது.

"இங்க பாரு. உள்ள போய் விளையாடு. பசிச்சா உருண்டை இருக்கு. நாலு மணிக்கு நான் இதே இடத்துல நிப்பேன்."

பனைமரம் வேரோடு வந்தது.

"டோரு தம்பி, அழக்கூடாது. அக்கா போறேன்ல?" என்றாள் தாரு, ரெண்டு வாரத்து அனுபவத்தில்.

டோரு மரத்தை மெதுவாகக் கீழே வைத்தது. ஒரு காலைத் திரைக்குள் விட்டது, அடுத்த காலை விட்டது, தண்ணீர்க் கேன் கொஞ்சம் இடித்துக்கொண்டு பிறகு உள்ளே போயிற்று. அதற்குள் செண்பகவல்லி டீச்சர் சண்முகத்தாயின் தோளைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பி, "நட. திரும்பிப் பாக்காத" என்றார். கருவேலங்காட்டைத் தாண்டும்வரை அவள் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், வந்துருச்சு! உலகமே டோரஸைப் பாக்க வந்து நிக்குது. ஆனா பழைய ஆளுங்க எண்ணிப் பாத்துட்டாங்க. நானூத்திப் பதினாறு ஆணியும் சரியா இருக்காம், கன்னத்துல கறை மட்டும் பிழையாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எடுக்கணும்னு மேல இருந்து உத்தரவு. இல்லைன்னா அவங்களே எடுத்துருவாங்க."

"சார், உங்க வீட்ல கைப்பிள்ளை இருக்குல்ல?"

"மூணு மாசம்."

"பொட்டு வைக்கிறீங்களா இல்லையா?"

"உள்ளங்கால்ல வைப்பாங்க" என்றார் ஜெரால்டு, குரலைத் தாழ்த்தி.

"அதைப் பிழைன்னு ஒருத்தர் அழிச்சா விடுவீங்களா?"

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றரைக்கே சண்முகத்தாய் கரைக்கு வந்துவிட்டாள். சீனித்தாய் வந்தாள், நாற்பது பெண்களும் வந்தார்கள், அன்றைக்கு அங்கன்வாடியைச் சீக்கிரம் விட்டுவிட்டு டீச்சர் தாருவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சரியாக நாலு மணிக்குத் திரையிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. முழங்காலெல்லாம் புழுதி, வலது பீரங்கி பூசணிக் கொடி மாதிரி வளைந்திருந்தது, கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யாருல உன்னை அடிச்சது?" என்று நாற்பத்தோரு குரல் ஒன்றாகக் கேட்டது.

டோரு திரும்பித் திரைக்குள் கையை விட்டு, ஒருவனை மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தது. டோருவைவிட ஒன்றரைப் பங்கு உயரம், கன்னங்கறுத்த இரும்பு, கை இருக்க வேண்டிய இடத்தில் ரம்பம். அவன் வாயைச் சுற்றிச் சத்துமாவு ஒட்டியிருந்தது.

"நீதானா அது?" என்று சீனித்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். "திங்கவும் தின்னுட்டு அடிக்கவும் செஞ்சியா? யாரு வீட்டுப் பிள்ளைல நீ? உங்க அம்மா எங்க? கூப்பிடு, நான் கேக்கேன்!"

ரம்பக்கையன் தலையைத் தொங்கப்போட்டான். சீனித்தாய் அவன் இடது கன்னத்தைப் பார்த்தாள், வலது கன்னத்தைப் பார்த்தாள், காலைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலையும் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது அவளுக்கு.

"அட பாவமே. இவனுக்கு ஒருத்தரும் வைக்கலளா சம்முவம்."

ரம்பக்கையன் மெதுவாக மண்டியிட்டு, ரம்பத்தை யார்மேலும் படாமல் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கன்னத்தை அவர்கள் பக்கம் காட்டினான். சண்முகத்தாய் குடத்தை எடுத்தாள். அவள் அவனுக்கு வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குவதற்குள் திரையிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது, அதன் பின்னால் சிறகுள்ள ஒன்று, எட்டுக்கால் உள்ள ஒன்று, நெருப்புக் கக்குகிற ஒன்று, வாயை மூடிக்கொண்டு பவ்வியமாக. கண்மாய்க் கரை நீளத்துக்கு வரிசை நின்றது. முந்தியடித்தவனை டீச்சர் செண்பகவல்லி காதைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

போன் அடித்தது.

"மேடம், எல்லாத்தையும் காணோம்! உலகம் பூரா வெறும் நிழல்தான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு!"

"இங்கதான் சார் இருக்காங்க. பொட்டு வச்சுக்கிட்டு, உருண்டை தின்னுட்டு, அஞ்சுக்கு வந்துருவாங்க."

"எல்லாத்துக்குமா வைக்கிறீங்க?"

"ஒருத்தனுக்கு வச்சுட்டு ஒருத்தனை எப்படி சார் விட?"

அஞ்சு மணிக்கு வரிசையில் வந்தவையெல்லாம் திரும்பப் போய்விட்டன, டோரு மட்டும் கண்மாயிலேயே தங்கிக்கொண்டது. அஞ்சேகாலுக்கு ஜெரால்டு மறுபடி பேசினார், சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. ஒன்றில் இருந்ததால்தான் பிழை என்றார்களாம். இப்போது எல்லாவற்றிலும் இருக்கவே, மேலே உள்ளவர்கள் ரொம்ப நேரம் கூடிப் பேசி, இதுதான் புது டிசைன் என்று எழுதிவிட்டார்களாம். பொட்டு வைத்ததிலிருந்து சண்டையில் கொஞ்சம் நிதானம் தெரிகிறது, விழுந்தவனை அடித்தவனே தூக்கிவிடுகிறான், இது எப்படிச் செய்தீர்கள் என்று தலை நரைத்த பையன்கள் கேட்கிறார்களாம். பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என்ன வேலை என்று போட வேண்டும், என்ன போடட்டும் என்று கேட்டார்.

"டோருவோட அம்மான்னு போடுங்க சார்" என்றாள். அப்படியே போட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் தாரு அம்மாவின் கையை உதறிவிட்டு அங்கன்வாடிக்குள் ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு டோருவும் லேப்டாப் திறப்பதற்கு முன்பே வந்து நின்று, கன்னத்தைக் காட்டிப் பொட்டை வாங்கிக்கொண்டு, கேனை மாட்டிக்கொண்டு, ரெண்டே எட்டில் உள்ளே போய்விட்டது, அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. கருவேலங்காடுவரை நடந்த சண்முகத்தாய்தான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

நாலாவது தடவை திரும்பப் போனவளுக்குச் சட்டென்று வேலை ஞாபகம் வந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்துணவுக்கூடத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள், போகும்போதே கத்தினாள்:

"ஏ அக்கா, அண்டாவைத் தேய்ச்சுராதீங்க! நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்துரும்!"